ஐரோப்பாவில் எங்கள் ஆட்கள் இல்லாத இடம்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் வழக்கமாக விமானம் இறங்கிய இடத்தில் தொடங்குவார்கள். நான் இன்னும் ஏறவே இல்லை. ஐரோப்பாவில் ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், கார் ஓட்டப் போகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லி இன்றைக்கு ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளில் என் காரின் மீற்றர் எழுநூறு கிலோமீற்றர் ஏறியிருக்கிறது. விட்பி, மிசிசாகா, ஒஷாவா, திரும்பவும் வீடு இருக்கிற ஸ்காபரோ, எல்லாம் ரொறொன்ரோவைச் சுற்றி. ஒரு நாட்டின் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் ஒரு கட்டுரைக்குப் போதுமான கோபம் சேர்ந்துவிட்டது.

என் யோசனை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை முழுதாகக் கேட்க நேற்று வரை ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் ஒரு கொம்பனியில், மிசிசாகாவில், இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். பிராங்பேட்டுக்கும் பாரிசுக்கும் வார்சோவுக்கும் போகிறவர்கள் கோழியா மீனா என்று யோசிப்பதற்கு முன்பே கோழியையும் மீனையும் தொட்டவன் நான். தட்டுகளை ஏற்றி, கதவைச் சாத்தி, லொறியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். இந்த வருடம் ஐந்து கிழமை லீவு சேர்ந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போய்த் தனித்தனியாக இருக்கிறார்கள். மனைவி வசந்தியும் நானும் ஒரு சின்னக் காரை எடுத்து, போலந்தின் கிழக்கு மூலையில் தொடங்கி, சிலோவாக்கியா, செக், ஜேர்மனி என்று மேற்கே வருவது. பகலில் மட்டும் ஓடுவது. ஒவ்வொரு எல்லையிலும் காரை ஓரமாக நிறுத்தி, அங்கே நிற்கும் பெயர்ப்பலகையை வாசிப்பது. அவ்வளவுதான்.

ஏன் அந்தப் பக்கம்? நான் இலங்கையில் ஊரை விட்டு வெளிக்கிட்டு முப்பது வருடத்துக்கு மேலாகிறது. காசு வாங்கி ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் என்னை மொஸ்கோவில் இறக்கினான். அங்கிருந்து ஜேர்மனி வரைக்கும், யன்னல் இல்லாத வான் வண்டியில், பதினொரு பேர் ஒருவரின் முழங்காலில் மற்றவர் சாய்ந்தபடி வந்தோம். இடையில் இரண்டு முறை வான் மாறினோம். கதவு திறந்தபோதெல்லாம் ஒரு கொட்டிலுக்குள்ளோ கராஜுக்குள்ளோ நின்றோம். ஒருமுறை காட்டுக்குள் நடத்தினார்கள், தலையைக் குனிந்து முன்னால் போகிறவனின் சப்பாத்தை மட்டும் பார்த்து நடக்கச் சொன்னார்கள். நான் சொன்னபடி செய்தேன். அந்தச் சப்பாத்து இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நாடு ஞாபகம் இல்லை.

பிறகு விமானம் ஏறி வந்து, ரொறொன்ரோவில் அகதி விசாரணை. எந்தெந்த நாடுகளைக் கடந்து வந்தீர் என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். எனக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து மொழிபெயர்ப்பாளர் திரும்பக் கேட்டார். திரும்பவும் தெரியாது என்றேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முழுக் கண்டத்தையும் கடந்து வந்தவனுக்கு எந்த வழியாக வந்தேன் என்று தெரியாமல் போகுமா என்ற பார்வை. கடைசியில் என்னை ஏற்றுக்கொண்டார்கள், அது வேறு விஷயம். நான் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. பொய்யனைப் பார்ப்பது போல ஒருவர் பார்த்ததை என்னால் மறக்கவும் முடியவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும். இந்தப் பயணம் அதற்குத்தான்.

இதை நான் அதுவரை ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. வசந்தி பிறகு நான் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட, பத்திரமாக, விமானத்தில் யன்னல் சீற்றில் வந்தவள். அவளுக்கும்கூட, கிழக்கு ஐரோப்பா வடிவாம், நல்ல அழகாம், போய்ப் பார்ப்போம் என்று மட்டுமே சொல்லியிருந்தேன்.

ஒன்பது நாளுக்கு முந்தி, சனிக்கிழமை காலை கோப்பி குடித்துக்கொண்டு, எங்கள் ஆட்களில் ஒருவன் செய்யக்கூடிய ஆகப் பெரிய பிழையைச் செய்தேன். கைபேசியில் குடும்பக் குறூப்பில் ஒரு வரி போட்டேன். "ஆவணியில நானும் வசந்தியும் ஐரோப்பா போறம். கார் எடுத்து ஓடப் போறம்." குறூப்பில் ஐம்பத்திரண்டு பேர். அதில் பாதிப் பேர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள்.

கோப்பி ஆறவில்லை, பாரிசிலிருந்து பாமா அக்கா ரெலிபோன் எடுத்துவிட்டார். என் உடன்பிறந்த அக்கா. வருவீர்களா என்று அவர் கேட்கவில்லை.

"எங்களோட எத்தினை நாள் நிக்கிறியள்?"

"அக்கா, நாங்கள் பாரிஸ் பக்கம் வரேல்ல. போலந்தில இருந்து செக்குக்குப் போய்..."

"என்ன சொன்னனீ?"

"போலந்து."

"போலந்தில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னத்துக்குத் தம்பி அங்க போறாய்?"

 நான் கோப்பியைக் கீழே வைப்பதற்குள் அக்கா என் சம்மதம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு ரெலிபோனை வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் குறூப்பில் ஒரு வரைபடம் வந்து விழுந்தது. சுவிசில் இருக்கும் ஒரு மருமகன் போட்டிருந்தான். லண்டன், பாரிஸ், ஸ்ருட்காட், சூரிச், பிறகு மேலே ஏறி டென்மார்க், அதற்கும் மேலே நோர்வே. வெறும் புள்ளிகள்தான், ஊர்ப் பெயர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே, பாமா வீடு, மத்தியானச் சாப்பாடு, ராசன் வீடு, இரண்டு நாள் என்று எழுதியிருந்தது. ஐரோப்பாவில் நாடுகள் இருக்கிற விஷயமே இவர்களுக்குத் தெரியாது, வீடுகள்தான் இருக்கின்றன.

தெரியாதவர்களுக்காக எங்கள் சட்டத்தை இங்கே சொல்லவேண்டும். சொந்தக்காரர் இருக்கும் ஊரில் ஹோட்டலில் படுத்தால் உறவு முறிந்தது. ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு மற்ற வீட்டுக்குப் போகாமல் வந்தால், இரண்டு வீட்டுக்கும் இடையில் நீங்கள்தான் சண்டை மூட்டினீர்கள். ஜேர்மனியில், ஸ்ருட்காட்டில், என் பெரியப்பாவின் மகன்கள் இருவர் பதினாலு வருடமாகப் பேசுவதில்லை. காரணம், கனடாவிலிருந்து போன ஒருவர் மூத்தவன் வீட்டில் புட்டுச் சாப்பிட்டதால் வயிறு நிறைந்து, இளையவன் வீட்டில் இடியப்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போனவர் நிம்மதியாகத் திரும்பி வந்து இங்கே மார்க்கம் என்கிற ஊரில் வீடு வாங்கி இருக்கிறார். அவர்கள் இரண்டு பேரும் அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விட்பி. வசந்தியின் தங்கை கௌரி, ஐரோப்பாப் பயணம் பற்றிக் கதைக்க வேண்டும், சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தாள். புதிதாக எழும்பிய குடியிருப்பு. எல்லா வீடும் ஒரே நிறம், ஒரே கதவு. போன வருடம் அங்கே சோளக்காடு நின்றது. காரில் வழி சொல்லுகிற பெண் எங்களை இன்னமும் சோளக்காட்டுக்குள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். மூன்று முறை சுற்றி, கடைசியில் ஒரு வீட்டு வாசலில் காரை விட்டு, ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியோடு இறங்கி மணியை அடித்தேன். தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபிக்காரர் கதவைத் திறந்தார். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இலங்கைக்காரர் வீடா? பின்பக்கத் தெரு. இந்த மாதம் நீங்கள் நாலாவது ஆள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "மணத்தைப் பார்த்தால் சட்டியை இங்கே விட்டுவிட்டுப் போகலாம்."

வசந்தி காருக்குள் இருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. விட்பியில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாதவன் கார்பேத்தியன் மலையைக் கடக்கப் போகிறானாம் என்று அவள் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கௌரி வீட்டில் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. கதை ஏற்கனவே முடிந்திருந்தது. விறாந்தையில் பொதிகள் தயாராக அடுக்கி வைத்திருந்தார்கள். டென்மார்க்கில் ஒரு பெறாமகளுக்கு வறுத்த மிளகாய்த்தூள். சூரிச்சில் பிள்ளை பெரிசான ஒரு சாமத்திய வீட்டுக்குச் சீலை. லண்டனுக்கு ஒரு பிரஷர் குக்கர்.

"கௌரி, லண்டனில குக்கர் இல்லையோ?"

"இருக்கு அத்தான். ஆனா இந்தச் சைஸ் இல்லையாம்."

"நாங்கள் லண்டன் போகேல்ல."

"கார்தானே அத்தான். கொஞ்சம் திருப்பினாப் போச்சு."

போலந்துக்கும் லண்டனுக்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தட்டில் மூன்றாவது முறை இடியப்பம் வந்து விழுந்தது. சொதி அருமையாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும். கோபத்தோடு சாப்பிட்டாலும் சொதி சொதிதான். திரும்பும்போது பின் சீற்றில் மூன்று பொதிகளும் எங்களோடு வந்தன. குக்கர் ஒவ்வொரு வளைவிலும் உருண்டது.

திங்கட்கிழமை வேலை முடிய, மிசிசாகாவிலேயே இருக்கும் சிறி அண்ணையிடம் போனேன். அவர் வசந்திக்கு ஒன்றுவிட்ட அண்ணை. இரண்டு வருடத்துக்கு முந்தி இருபத்தொரு நாளில் ஐரோப்பாவில் பதினொரு நாட்டை முடித்தவர். முடித்தவர் என்றுதான் அவரே சொல்லுவார். அனுபவம் உள்ள ஆளிடம் நாலு விஷயம் கேட்கலாம் என்று நினைத்தேன். ரோட்டு எப்படி, எல்லையில் மறிப்பார்களா, பெற்றோல் அடிக்கும் இடத்தில் என்ன முறை, இப்படி.

சிறி அண்ணை கைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டத் தொடங்கினார். முதல் படத்தில் ஒரு சோபா, சோபாவில் ஆறு பேர்.

"இது லண்டன்," என்றார்.

அடுத்த படத்தில் வேறொரு சோபா. "இது பாரிஸ்."

"அண்ணை, ஈபிள் கோபுரம்?"

"உந்த யன்னலுக்கால தெரியும். அண்டைக்குப் பனிப்புகார்."

மூன்றாவது சோபா சுவிஸ். நாலாவது சோபா டென்மார்க். அது தோல் சோபா, அந்த அளவில்தான் நாடு மாறியது. சுவிசில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். புட்டு என்றார். டென்மார்க்கில்? புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். நோர்வேயில் மீன் பிரபலமாச்சே என்றேன். ஓம், மீன் குழம்பு வைத்தவர்கள், புட்டோடு, என்றார். எனக்கு நெஞ்சு எரிந்தது. பதினொரு நாட்டுக் காற்றையும் தாண்டி ஒரு மனிதன் புட்டிலிருந்து புட்டுக்குப் போய்வந்திருக்கிறான்.

"ஏன் அண்ணை ஒரு மலையை, ஒரு ஆத்தைப் பாக்கேல்ல?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நேரம் எங்க தம்பி? ஒரு வீட்டில சாப்பிட்டு எழும்பேக்க மற்ற வீட்டில இருந்து ரெலிபோன். அவை வாசலில நிக்கினம்."

படங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் ஒரு கணம் நின்றார். அதில் சோபா இல்லை, ஆட்களும் இல்லை. வெறும் மரங்கள், உயரமான பைன் மரங்கள், நடுவில் ஒரு மண் பாதை.

"உது எங்க அண்ணை?"

"உது சும்மா. ஜேர்மன் எல்லையில. காரை நிப்பாட்டச் சொன்னனான்," என்று சொல்லி விரலால் தள்ளினார். அடுத்த சோபா வந்தது.  அந்த நேரம் சோபாக்கள் மேல் இருந்த கோபத்தில் மரங்கள் என் கண்ணில் ஏறவில்லை.

திரும்பும்போது 401 பெருந்தெருவில் ஒரு லொறி குறுக்கே நின்றது. ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்தேன். பக்கத்துக் காரில் ஒருவன் யன்னலைத் திறந்து, யாரிடமோ ரெலிபோனில், "நான் நகரவில்லை, ஆனால் வந்துகொண்டிருக்கிறேன்," என்று கத்தினான். என் பயணத்தைப் பற்றியும் அதைத்தான் சொல்லவேண்டியிருந்தது.

புதன்கிழமை லீவு எடுத்து, வெளிநாட்டில் வாகனம் ஓட்ட அனுமதிப் பத்திரம் கொடுக்கும் கந்தோருக்குப் போனேன். படம் எடுத்தார்கள், சிரிக்க வேண்டாம் என்றார்கள். அந்தக் கிழமை முழுதும் எனக்கு அது ஒரு கஷ்டமான வேலையாக இருக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தட்டச்சுப் பண்ணிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"எந்தெந்த நாடுகள் வழியாகப் போகப் போகிறீர்கள்?"

 அதே கேள்வி. அதே நகரம். சாரதிப் பத்திரத்தைக் கவுண்டரில் வைத்தேன், திரும்ப எடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மாதான் கேட்டேன்," என்று பயந்துபோய்ச் சொன்னாள். "இந்தப் பத்திரத்துக்கு அது தேவையில்லை. நானும் போக ஆசைப்படுகிறேன், அதனால் கேட்டேன்."

"போலந்து," என்றேன். "சிலோவாக்கியா. செக். ஜேர்மனி."

"எவ்வளவு நல்லது," என்றாள்.

எவ்வளவு நல்லது! வாசலுக்கு வந்து காரில் ஏறினேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அந்த அதிகாரியின் முன்னால் இதே நாலு பெயரையும் சொல்ல முடிந்திருந்தால் என்று யோசித்தேன். சொல்லத் தெரியாமல் விட்ட என் மேல் வந்த கோபம் அது. முப்பது வருடமாக அதை வேறு ஆட்கள் மேல் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதும் அப்போது கொஞ்சம் உறைத்தது.

வரைபடத்தில் நான் போட்ட கோடு சரியா என்று உறுதிப்படுத்த ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். நேசன். வானில் என் முழங்காலில் சாய்ந்து வந்தவன். இப்போது ஒஷாவாவில் வீடுகளுக்குச் சூடாக்கிகளைப் பொருத்தித் திருத்துகிற வேலை செய்கிறான். கலியாணங்களில் காணுவோம், பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம், அந்த வானைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

சனிக்கிழமை போனேன். அவனுடைய மனைவி சுடச்சுட உளுந்து வடை கொண்டுவந்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். மேசையில் ஒரு தாளை விரித்தேன்.

"என்னடா மச்சான் உது?" என்றான்.

"ஞாபகம் இருக்கிறதைச் சொல்லு. நான் எழுதுறன். முதலில ஆறு. ஒரு இரும்புப் பாலம், தடதட எண்டு சத்தம் கேட்டது."

"பாலம் முதலில இல்லை. காடுதான் முதல்."

"உனக்கு விசரே? பாலத்துக்குப் பிறகுதான் காடு. காட்டில நடக்கேக்க என்ர காற்சட்டை ஈரம்."

"அது ஆத்துத் தண்ணி இல்லை. அது மழை."

மூன்று நாள் என்று நான் சொன்னேன், ஐந்து நாள் என்று அவன் சொன்னான். கோயில் மணி கேட்டது என்றேன், அது ரெயில் கடவை மணி என்றான். ஒரு வானுக்குள் ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர் இரண்டு வேறு கண்டத்தைக் கடந்து வந்திருந்தோம். தாளில் வெட்டிக் கிறுக்கி ஒன்றும் மிஞ்சவில்லை. வடையும் முடிந்துவிட்டது.

"நீயும் வா. ரெண்டு பேரும் பார்த்தால் தெரிஞ்சு போயிடும்," என்றேன்.

"எனக்கு உது வேண்டாம். அதுக்குள்ள மூச்சு விட்டதே போதும்."

எழும்பி வாசலுக்கு வந்தேன். கார்க் கதவைத் திறக்கிற நேரம் நேசன் பின்னால் வந்து நின்றான்.

"நான் ஒரு பலகையைப் பார்த்தனான்," என்றான்.

"என்ன பலகை?"

"ரெண்டாம் வான் மாறேக்க. கதவு முழுக்கச் சாத்தேல்ல. நீலப் பலகை. வாசிக்க முடியேல்ல. ஒரு எழுத்துக்கு மேல குருவி பறக்கிற மாதிரிச் சின்னக் குறி ஒண்டு இருந்தது."

செக் மொழியிலும் சிலோவாக் மொழியிலும் அப்படிக் குறி போடுவார்கள் என்று இந்த ஒரு கிழமையில் நான் படித்திருந்தேன். முப்பது வருடம்! முப்பது வருடம் இவன் அதை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் கலியாணப் பந்தியில் இருந்து பாயசம் குடித்திருக்கிறான்.

"ஏன்டா அப்பவே எனக்குச் சொல்லேல்ல? விசாரணையில அதையாவது சொல்லியிருப்பனே!" தெருவில் நின்று கத்தினேன். எதிர் வீட்டு நாய் குரைத்தது.

"பார்த்ததை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவனெல்லோ. நானும்தான் விசாரணையில சொல்லேல்ல. என்னையும்தான் பொய்யன் எண்டவங்கள்," என்றான் நேசன். "உன்னை எடுத்தாங்கள். என்னை முதல்முறை ஏற்கேலாது எண்டவங்கள். ரெண்டு வருஷம், எப்ப திருப்பி அனுப்புவாங்களோ எண்டு இருந்தனான்."

இது எனக்குத் தெரியாது. அவன் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குள் வரும்போது சமையலறை மேசையில் வசந்தியின் கைபேசி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் பாமா அக்கா. பாரிசில் பின்னேரம், அக்காவின் பின்னால் வெங்காயம் பொரிகிற சத்தம். இருவரும் சேர்ந்து என் ஐந்து கிழமையையும் கிட்டத்தட்டப் பங்கிட்டு முடித்திருந்தார்கள்.

"தம்பி, எல்லாம் சரி. முதல் கிழமை எங்களோட. நீ சொன்ன உந்தப் போலந்தை மட்டும் விட்டிடு. அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே."

"நான் இருந்தனான்," என்றேன்.

நான் கத்தவில்லை. 

"என்ன?"

"நான் அங்க இருந்தனான் அக்கா. ஒரு வானுக்குள்ள. எந்த நாட்டில இருந்தனான் எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் போறன். புட்டுச் சாப்பிட இல்லை."

வசந்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பது வருடக் கேள்வியை நின்றபடி சொல்லி முடித்தேன். விசாரணை, பேனா, அந்தப் பார்வை, நேசனின் பலகை, எல்லாம். பாரிசில் யாரோ அடுப்பை அணைத்தார்கள். அக்கா கைபேசியை வைத்துவிட்டார்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்றாள் வசந்தி.

"நீ கேக்கேல்ல."

"நீங்கள் கிழக்கு ஐரோப்பா வடிவாம் எண்டனீங்கள். நான் என்னத்தைக் கேக்கிறது?" அவளுக்கும் கோபம். நியாயமான கோபம். பிறகு அவளே என் கைபேசியை எடுத்து நீட்டினாள். "குறூப்பில போடுங்கோ. உங்கட கோட்டைப் போடுங்கோ."

என் வரைபடத்தைப் போட்டேன். ஒரு வீடும் இல்லாத வரைபடம். ஏன் என்பதையும் நாலு வரியில் எழுதினேன். குறூப்பில் ஐம்பத்திரண்டு பேர், ஒரு சத்தமும் இல்லை. யாராவது தும்மினால்கூட கைகூப்பிய படம் போடுகிற கூட்டம் அது. எல்லோரும் ஒன்றாகக் கோவித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். கோவிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

முதலில் வந்தது அத்தானின் குரற்பதிவு. பாமா அக்காவின் கணவர். குறூப்பில் அவர் இருப்பதே பலருக்குத் தெரியாது, இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தம்பி, நானும் உந்த வழியாலதான் வந்தனான். லொறியில. மாட்டுக்கு வைக்கிற வைக்கோலுக்குள்ள. எனக்கும் ஒரு நாடும் தெரியாது. உன்ர அக்கா கேட்டா, மறந்து போச்சு எண்டு சொல்லுவன். காரில இடம் இருந்தால் என்னையும் ஏத்து."

அதற்குப் பிறகு ஸ்ருட்காட்டில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி இருவரில் இளையவன் எழுதினான். தானும் வருகிறானாம். பத்து நிமிடத்தில் மூத்தவன் எழுதினான். "நாங்கள் ரெண்டு பேரும் ஒரே லொறியிலதான் வந்தனாங்கள். அவன் வந்தால் நானும் வருவன்." பதினாலு வருடத்தில் தம்பிக்குப் பக்கத்தில் அவன் எழுதிய முதல் வரி அது.

கடைசியாகச் சிறி அண்ணை. எழுத்து இல்லை. அந்தப் பைன் மரப் படம், மண் பாதையோடு. அதற்குக் கீழே கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி. "இந்த இடமாய் இருக்கும் எண்டுதான் நிப்பாட்டினனான். இறங்கிப் பார்த்தன். இல்லைப் போல கிடக்கு." திங்கட்கிழமை நான் அவருக்குப் புட்டைப் பற்றி உபதேசம் செய்ததை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கோபம் முழுதாகத் தணிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பின்னேரமே பாமா அக்கா திரும்ப எடுத்தார். அழுத குரல்தான், ஆனாலும் அத்தான் வந்தால் தானும் வருவாராம், வருகிறவர் வெறுங்கையோடு வரமாட்டாராம், புட்டு அவிக்கிற பானையும் கூட வருமாம். கௌரியின் குக்கரை என்ன செய்தாய் என்றும் கேட்டார். இரண்டு பேர் போகவிருந்த சின்னக் காருக்குச் சிறி அண்ணையையும் சேர்த்து ஏழு பேர் ஆகிவிட்டார்கள். நேசனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். வரமாட்டேன் என்று பதில் போட்டான். ஐந்து நிமிடம் கழித்து, எப்ப வெளிக்கிடுறியள் என்று கேட்டான்.

இன்று காலை வாகனம் வாடகைக்குக் கொடுக்கும் இடத்துக்கு ரெலிபோன் எடுத்து, பதிந்து வைத்த காரை ரத்துப் பண்ணி, ஒன்பது பேர் இருக்கக்கூடிய வான் வேண்டும் என்றேன். இருக்கிறது என்றாள் அந்தப் பெண். வேறு ஏதும் விசேஷமாக வேண்டுமா என்று கேட்டாள்.

"யன்னல்," என்றேன். "ஒவ்வொரு சீற்றுக்கும் பக்கத்தில் யன்னல் இருக்கவேண்டும். கறுப்புக் கண்ணாடி வேண்டாம்."

அவள் சிரித்தாள். "யன்னல் இல்லாத வானில் ஆட்களை யார் ஏற்றுவார்கள்?"

பிறகு சாரதியின் பெயர் என்ன என்று கேட்டாள். என் பெயரை எழுத்துக் கூட்டி, மெதுவாக, இரண்டு தரம் சொன்னேன்.